நகரும் வீடும் நனையும் கூரையும்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். போன இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால், பக்கச் சுவரின் ஒரு பகுதி மேஜை டிராயர் மாதிரி வெளியே நகரும். உள்ளே இடம் அகலமாகிவிடும். இப்படி நகரும் பகுதியைத்தான் ஸ்லைடு-அவுட் என்கிறார்கள்.

அந்த ஸ்லைடு-அவுட்டின் தலைக்கு மேல் ஒரு துணிப்பந்தல் போடலாமா, வேண்டாமா? டிரெய்லர் வாங்கிய பலருக்கும் முதல் வருடத்திலேயே வருகிற கேள்வி இது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. நகரும் வீட்டைக் கட்டியவர்கள் முதலில் துணியை நம்பினார்கள், பிறகு துணியை வெறுத்து ஒதுக்கினார்கள், கடைசியில் அதே துணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் நம் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். வாருங்கள், பார்ப்போம்.

கெட்டிச் சுவரா, துணியா?

பிழைப்புக்காக இல்லாமல் உல்லாசத்துக்காக வண்டி வீட்டில் ஊர் சுற்றிய முன்னோடிகளில் முக்கியமானவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர், சிறுவர்களுக்கான கதைகள் நிறைய எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரக் கம்பெனி ஒன்றில் சொல்லிச் செய்த மரவண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். வண்டியின் பெயர் 'வாண்டரர்'. சுவர், கூரை எல்லாம் கெட்டி மரம். எடை கிட்டத்தட்ட 2 டன். இழுப்பதற்கு இரண்டு குதிரைகள் வேண்டியிருந்தது.

அந்த எடையை ஆரம்பகாலக் கார்கள் இழுக்க முடியாது. 1908-ல் ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி வந்த பிறகு சாதாரண அமெரிக்கக் குடும்பங்களும் கார் வாங்க ஆரம்பித்தன. விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் கான்வாஸ் துணியைச் சுருட்டிக் காரில் கட்டிக்கொண்டார்கள். போன இடத்தில் துணியின் ஒரு ஓரத்தைக் காரின் கூரையில் கட்டி, மறு ஓரத்தை இரண்டு கம்புகளில் தூக்கி நிறுத்தினால் கூடாரம் தயார்! இன்றைக்கு டிரெய்லரின் பக்கவாட்டில் விரியும் பந்தலுக்கு இதுதான் தாத்தா.

1919-ல் ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், டி சோட்டோ பார்க் என்ற இடத்தில் முகாமிட்டிருந்தவர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அதன் பெயர் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. டின்னில் அடைத்த உணவையே சாப்பிட்டு ஊர் சுற்றியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு டப்பாவை மாட்டி வைத்திருந்தால் சங்கத்து ஆள் என்று அடையாளம்.

துணியின் நன்மை எடை குறைவு. தீமை என்ன என்பது முதல் மழையில் தெரிந்துவிடும்.

நனைந்ததால் பிறந்த ஒரு தொழில்

அப்படி நனைந்த ஒருவரால்தான் டிரெய்லர் பெரிய தொழிலாக மாறியது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் ஒரு நுண்ணுயிரியலாளர், மருந்துக் கம்பெனி ஒன்றின் தலைவர். 1929-ல் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மிச்சிகன் மாநிலத்துக்குள் முகாமிடப் போனார். கையில் புதிதாக வாங்கிய மடக்கு டிரெய்லர். சில நிமிடங்களில் விரித்துவிடலாம், தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்யப்பட்ட பொருள். முதல் நாளே இடியும் மழையும் வந்தது. ஷெர்மனால் அதை விரிக்கவே முடியவில்லை. குடும்பமே தொப்பலாக நனைந்தது.

திரும்பி வந்தவர் துணியே இல்லாத ஒரு டிரெய்லரைச் செய்ய வைத்தார். மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகையில் உடல். 6 அடி அகலம், 9 அடி நீளம். உள்ளே நடுவில் குறுகலான நடைபாதை, இரண்டு பக்கமும் அலமாரி, அடுப்பு, ஐஸ் பெட்டி. விரிக்க வேண்டியதும் இல்லை, மடக்க வேண்டியதும் இல்லை. மழை வந்தால் கதவைத் திறந்து உள்ளே போனால் போதும். குழந்தைகள் இதற்கு 'கவர்டு வேகன்' என்று பெயர் வைத்தார்கள். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் 400 டாலர் விலை போட்டு நிறுத்தினார். ஆர்டர்கள் வந்தன. 1936-ல் அமெரிக்காவிலேயே பெரிய டிரெய்லர் கம்பெனியாக அது வளர்ந்துவிட்டது. அந்த வருடம் மட்டும் சுமார் 6,000 டிரெய்லர்கள் விற்றன. இத்தனைக்கும் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம்!

அதே 1936-ல்தான் வாலி பயம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 'கிளிப்பர்' என்ற மாடலை வெளியிட்டது. விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த வளைந்த உடல். விலை 1,200 டாலர். பயம் எடையைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்தார். 1947-ல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஆல்ஃபிரட் லெட்டூர்னர் ஒரு ஏர்ஸ்ட்ரீமை சைக்கிளில் கட்டி இழுக்கும் படம் அந்தக் கம்பெனிக்குச் சின்னமாகவே ஆகிவிட்டது. 1959-60-ல் பயம் 41 டிரெய்லர்களைக் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை போனார்.

ஆக, 1930-களில் கெட்டிச் சுவர் ஜெயித்துவிட்டது. துணி வாசலுக்கு வெளியே நிழல் தருகிற வேலைக்கு மட்டும் ஒதுங்கியது.

எட்டடி என்ற எல்லை

கெட்டிச் சுவரால் புதிய தலைவலி ஒன்று வந்தது. சாலை விதிப்படி வண்டியின் அகலம் 8 அடியைத் தாண்டக் கூடாது. நீளத்தை வேண்டுமானால் கூட்டலாம். அகலத்தைக் கூட்ட வழியில்லை. உள்ளே ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் தாண்டிப் போக முடியாது.

இரண்டு நாள் உல்லாசப் பயணத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் மக்கள் டிரெய்லரிலேயே குடியிருக்க ஆரம்பித்தார்கள். பாதி அமெரிக்கா டிரெய்லரில் வாழும் காலம் சீக்கிரமே வரும் என்று 1930-களிலேயே ஜோசியம் சொன்னார் பொருளாதார நிபுணர் ரோஜர் பாப்சன். அது பலிக்கவில்லை. என்றாலும், இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைத் தங்கவைக்க அரசாங்கமே சுமார் 35,000 டிரெய்லர்கள் வாங்கியது. போர் முடிந்தும் வீட்டுப் பற்றாக்குறை தீரவில்லை. லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த எட்டடிப் பெட்டியே நிரந்தர வீடாகியது.

1954-ல் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே பத்தடி அகல டிரெய்லரைக் கொண்டுவந்தார். சாலையில் இழுத்துப் போகச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அடிக்கடி நகர்த்த முடியாது. ஆனாலும் மக்கள் அதைத்தான் விரும்பினார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான். அகலமானவை ஓரிடத்தில் நிலைத்து 'மொபைல் ஹோம்' ஆகின. எட்டடிக்குள் அடங்கியவை டிராவல் டிரெய்லராகத் தொடர்ந்து ஓடின. ஊர் சுற்ற வேண்டுமானால் குறுகலாக இருந்தே ஆக வேண்டும், வசதியாக இருக்க வேண்டுமானால் நகராமல் இருக்க வேண்டும் என்ற நிலைமை.

1980-களுக்குப் பிறகு பல மாநிலங்களில் எல்லை எட்டரை அடியானது. அரை அடியில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது?

சுவர் வெளியே நகர்ந்தது

ஓடும்போது ஒல்லியாகவும் நிற்கும்போது பருமனாகவும் இருந்தால் என்ன? இந்த யோசனை புதிதல்ல. 1910-களின் நடுவிலேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் மாடல் டி காரின் பின்புறம் பொருத்தும் 'டெலஸ்கோப் அபார்ட்மென்ட்' ஒன்றைச் செய்தார். தொலைநோக்கிக் குழாய் போலப் பெட்டிக்குள் பெட்டியாக இருந்து வெளியே நீளும் அறை! 1950-களில் 'எக்ஸ்பேண்டோ' என்ற பெயரில் மொபைல் ஹோம்களில் அறைகள் பக்கவாட்டில் நீண்டன. பிறகு சில டிரெய்லர்களில் சுவர் கதவு மாதிரி சாய்ந்து திறந்து இடம் கொடுத்தது.

இதை உல்லாச வாகனங்களில் பெரிய அளவில் புகழாக்கியது இந்தியானா மாநிலத்தின் நியூமார் கம்பெனி. 1990-ல் தன் மோட்டார் ஹோமில் ஸ்லைடு-அவுட்டை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு மற்றவர்களும் சும்மா இருக்க முடியவில்லை. டிராவல் டிரெய்லரிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்லைடு-அவுட்கள் வந்துவிட்டன. மின்மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றியோ, ஹைட்ராலிக் தண்டு தள்ளியோ அறை வெளியே வரும். இரண்டு முதல் மூன்றரை அடி வரை கூடுதல் அகலம். சோபாவும் சாப்பாட்டு மேஜையும் வெளியே நகர்ந்துவிட்டால் நடுவில் தாராளமாக நடக்கலாம்.

ஆனால் சுவரில் கட்டில் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாயிற்று அல்லவா? ஓட்டையின் நான்கு விளிம்பிலும் ரப்பர் பட்டைகள் வைத்து அடைத்தார்கள். ஸ்லைடு-அவுட்டின் கூரை தட்டையானது. அதன்மேல் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். வெளியே நிற்கும்போது அந்தக் கூரையில் ஊசியிலை, சருகு, ஓக் மரக் காய், பறவை எச்சம், மழைத் தண்ணீர் எல்லாம் சேரும். பட்டனை அழுத்தி உள்ளே இழுத்தால் கூரையும் சேர்ந்துதான் உள்ளே வரும். ரப்பர் பட்டை கொஞ்சத்தை வழித்துத் தள்ளும். மீதி வீட்டுக்குள்!

ஒரு குச்சி பட்டையில் மாட்டிக்கொண்டால் போதும், பட்டை மடங்கிவிடும் அல்லது கூரைப் படலம் கிழியும். அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கும். டிரெய்லரின் தரையும் ஓரங்களும் பெரும்பாலும் பிளைவுட் மாதிரியான மரப்பலகைதான். உள்ளுக்குள்ளேயே ஊறி, உளுத்து, பூஞ்சை பிடித்துவிடும். காலால் மிதிக்கும்போது தரை மெத்தென்று அமுங்கினால்தான் விஷயமே தெரியவரும். அப்போது ரிப்பேர் செலவு டிரெய்லரின் விலையோடு போட்டி போடும். ஷெர்மன் மழையிலிருந்து தப்பிக்கக் கட்டிய கெட்டிப் பெட்டியில், வசதிக்காக நாமே மழைக்கு ஒரு வழி திறந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

துணி திரும்பி வந்தது

இங்கேதான் துணிப்பந்தல் மறுபடியும் மேடை ஏறுகிறது. ஸ்லைடு-அவுட்டின் மேல் போடும் பந்தலுக்கு 'ஸ்லைடு டாப்பர்' என்று பெயர். அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

முதலாவது, ஸ்பிரிங் உருளை. 1864-ல் ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற அமெரிக்கர் ஜன்னல் திரைக்காகக் காப்புரிமை வாங்கிய அதே தத்துவம்தான். திரையை இழுத்தால் உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறும். விட்டால் திரை தானே சுருளும். ஹார்ட்ஸ்ஹார்னின் திரையில் வேண்டிய உயரத்தில் நிறுத்திவைக்க ஒரு பல் உண்டு. டாப்பருக்கு அது தேவையில்லை. துணியின் ஒரு ஓரம் டிரெய்லரின் சுவரில், ஸ்லைடு-அவுட்டுக்கு மேலே பொருத்தப்படும். உருளை ஸ்லைடு-அவுட்டின் வெளி விளிம்பில் உட்காரும். அறை வெளியே போகும்போது துணி விரியும், உள்ளே வரும்போது சுருளும். ஸ்பிரிங் எப்போதும் துணியை இழுத்துப் பிடித்தபடி இருக்கும். தனியாக மோட்டார் வேண்டாம், யாரும் கை வைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, துணி. இதில் இரண்டு வகை. ஒன்று வினைல். 1926-ல் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியின் வேதியியலாளர் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தபோது, பிவிசியை வளையும்படி மென்மையாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். தண்ணீர் துளிகூட உள்ளே இறங்காது. ஆனால் வருடக்கணக்கில் வெயில் பட்டால் வெடிக்கும். இன்னொன்று அக்ரிலிக். 1961-ல் வட கரோலினாவின் கிளென் ரேவன் ஆலை 'சன்பிரெல்லா' என்ற துணியை வெளியிட்டது. இழையைத் தயாரிக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுவதால் வெளுக்காது, பருத்திக் கான்வாஸைப் போல மக்காது. காற்றோட்டமும் உண்டு. ஆனால் தண்ணீர் தேங்கி நின்றால் மெதுவாகக் கசியும்.

சரி, போடலாமா வேண்டாமா?

டாப்பரின் நன்மைகள் தெளிவானவை. சருகும் குச்சியும் கூரையில் விழாது. துணி சுருளும்போது அவை பெரும்பாலும் வெளிப்பக்கமாகக் கொட்டிவிடும். மேல் விளிம்பு ரப்பர் பட்டை நேரடி மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் தப்பிக்கும். ஸ்லைடு-அவுட்டின் கூரைக்குக் கொஞ்சம் நிழலும் கிடைக்கும்.

தொல்லைகளும் குறைவில்லை. அகலமான ஸ்லைடு-அவுட்டில் துணி நடுவில் தொய்ந்து தண்ணீர் குளம்போல் தேங்கும். அறையை உள்ளே இழுக்கும்போது அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கொட்டும், கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது! காற்று அடித்தால் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும்; இரவில் தூக்கம் போய்விடும். பனி பெய்யும் இடத்தில் பனியின் பாரத்தில் துணி தொங்கிவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று உள்ளே புகுந்து துணியை உப்ப வைத்துக் கிழித்த கதைகளும் உண்டு. சில மாடல்களில் உருளைக்கு மேல் உலோக மூடி வைப்பது இதற்காகத்தான். பொருத்துவதற்குச் சுவரில் புதிதாகத் திருகாணிகள் போட வேண்டும். அவற்றைச் சரியாக அடைக்காவிட்டால், தண்ணீரைத் தடுக்கப் போட்ட பந்தலே தண்ணீருக்கு வழி செய்துவிடும். முறுக்கேறிய ஸ்பிரிங் கை தவறினால் விரலைப் பதம் பார்க்கும். அனுபவம் இல்லாதவர்கள் தனியாகத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு ஸ்லைடு-அவுட்டுக்குச் சில நூறு டாலர் செலவு. சில வருடங்களில் துணியை மாற்றவும் வேண்டும்.

டாப்பர் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஏணியும் துடைப்பமும்தான். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஏறி, ஸ்லைடு-அவுட்டின் கூரையைக் கூட்டி, துடைத்துவிட்டு உள்ளே இழுக்க வேண்டும். செலவே இல்லாத வழி. ஆனால் காலையில் மழை தூறிக்கொண்டிருக்கும்போது ஈர ஏணியில் ஏற வேண்டியிருக்கும். டிரெய்லர் வைத்திருப்பவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். எழுபது வயதில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எந்தப் பந்தலின் விலையும் அதற்கு ஈடாகாது. என்னைக் கேட்டால், டாப்பருக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இதுதான். டிரெய்லரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கூரையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், கூரைமேல் ஏறும் மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே முடிவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: எத்தனை முறை நகர்கிறீர்கள், எதன் கீழே நிறுத்துகிறீர்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு ஊர், மிச்சிகன் போல மரங்கள் அடர்ந்த முகாம்கள் என்றால் டாப்பர் போட்டுவிடலாம். குப்பை உள்ளே போகும் வாய்ப்பு ஒவ்வொரு பட்டன் அழுத்தலுக்கும் ஒருமுறை வருகிறது. குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில் ஒரே இடத்தில் நிறுத்துகிறவருக்கு மரமும் இல்லை, மழையும் அதிகமில்லை, காற்றுதான் பலமாக இருக்கும். அவருக்கு டாப்பர் தொல்லைதான். வருடத்தில் இரண்டு முறை ஏணி போட்டால் வேலை முடிந்தது. ஏணி ஏற முடியாதவர் எங்கே நிறுத்தினாலும் டாப்பர் போடுவது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரப்பர் பட்டையை வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். பந்தல் இருக்கிறதே என்று நம்பிப் பட்டையை மறந்தவர்களின் தரையும் உளுத்துப்போகும்.

வரலாறு சொல்வது

ஏர்ஸ்ட்ரீம் 2000-களில் சில மாடல்களில் ஸ்லைடு-அவுட் வைத்துப் பார்த்தது. பிறகு தன் டிரெய்லர்களில் அதை விட்டுவிட்டது. வளைந்த அலுமினிய ஓட்டுக்கு உறுதியே அதன் முழுமைதான். பெரிய ஓட்டை போட்டால் வலு குறையும், எடை கூடும். குறுகலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டவர்களுக்கு இந்தப் பந்தல் கேள்வியே எழாது. இதுவும் ஒரு பதில்தான்.

ஸ்டேபிள்ஸ் எடையைச் சுமந்தார். டின் கேன் டூரிஸ்ட்டுகள் மழையைச் சுமந்தார்கள். ஷெர்மன் இடநெருக்கடியை ஏற்றுக்கொண்டார். ஸ்லைடு-அவுட் வாங்கியவர்கள் பராமரிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நகரும் வீட்டில் ஏதாவது ஒரு சுமையை எடுத்துக்கொள்ளாமல் இன்னொன்றை இறக்கிவைக்க இதுவரை யாராலும் முடியவில்லை. பந்தல் போடலாமா என்று யோசிக்கிறவர் கடைக்குப் போவதற்கு முன்னால், தன்னால் எந்தச் சுமையைப் பத்து வருடம் அலுக்காமல் தூக்க முடியும் என்று யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை அளவு எடுப்பதுதான்!